மிசஸ் பி. ஞானமுத்து யார்?

9 அக்டோபர் 2006, திங்கள்

காலை ஜெபம் முடிந்ததும் தாளாளர் ஐயா கூப்பிட்டார். டிசம்பர் ஒன்பதாம் தேதி எங்கள் நர்சிங் பள்ளிக்குப் பொன்விழா. ஐம்பது வருஷத்தில் இங்கே படித்துப் போனவர்களில் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு விலாசம் கிடைத்திருக்கிறது. அத்தனை பேருக்கும் அழைப்பிதழ், ஆளுக்கொரு பேட்ஜ், விழா மலரில் பெயர்ப்பட்டியல். பட்டியல் வேலை என் தலையில்.

"பேருக்கு முன்னால மிஸ்ஸா மிசஸ்ஸான்னு சரியா கேட்டுப் போடும்மா. நாப்பதாவது வருஷ விழாவுக்கு ஒரு மிசஸ்ஸ மிஸ்னு போட்டு அனுப்பிட்டோம். அவ வீட்டுக்காரர் எனக்கு ரெண்டு பக்கத்துக்கு லெட்டர் எழுதிட்டாரு."

"சரிங்கய்யா."

இந்த விஷயத்தில் எனக்குப் பயம் கிடையாது. இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் நான். கல்யாணமானவள் மிசஸ், ஆகாதவள் மிஸ். ஆண்பிள்ளைக்கு ஆனாலும் ஆகாவிட்டாலும் மிஸ்டர். மிசஸ்ஸுக்கும் மிஸ்டருக்கும் கடைசியில் புள்ளி உண்டு. மிஸ் சுருக்கம் இல்லாததால் அதற்குப் புள்ளி வராது. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஆபீஸில் இந்தப் புள்ளிகளுக்கு நான்தான் காவல். மாணவிகள் என்னை 'ஆபீஸ் மிஸ்' என்று கூப்பிடுவது வேறு கணக்கு. பாளையங்கோட்டையில் மிஸ் என்றால் டீச்சர், அவளுக்குப் பேரன் பேத்தி இருந்தாலும்.

என் மேஜைப் பலகையில் மிசஸ் எப்சிபா செல்வின் என்று இருக்கிறது. அவர் பம்பாயில் வேலையாக இருக்கிறார்.

மதியம் டியூட்டர் ஜாய்ஸ் வந்து, "பொன்விழாவுக்காவது சார் வருவாங்களா மேடம்?" என்று கேட்டாள். கிறிஸ்துமஸை ஒட்டிப் பார்க்கலாம் என்றேன். அதற்குள் அட்டெண்டர் மாரிச்செல்வி நடுவில் புகுந்து, "யக்கா, டேங்க் நெறஞ்சு வழியுது, மோட்டார் ரூம் சாவி எங்க?" என்று என்னை வெளியே இழுத்துப் போனாள். போய்ப் பார்த்தால் மோட்டார் ஓடவே இல்லை. இந்தப் பெண்ணுக்கு எப்போதும் ஒரு பதற்றம்.

11 அக்டோபர், புதன்

போன் செய்ய ஆரம்பித்தேன். கேள்வி ஒன்றுதான்: "உங்க பேருக்கு முன்னால என்ன போடணும்?" ஒரு வார்த்தையில் பதில் வரும், ஒரு நாளைக்கு அறுபது பேரை முடிக்கலாம் என்று நினைத்தேன். பதினேழுதான் முடிந்தது.

விருதுநகர்க்காரி ஒருத்தி, "வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷமாச்சும்மா. இன்னும் மிசஸ் போடலாமா?" என்றாள். இங்கிலீஷ் முறைப்படி போடலாம் என்றேன். "அப்பம் போடுங்க. அவர் போயிட்டாருன்னு முப்பத்தொரு வருஷம் சமைச்சுப் போட்டது இல்லன்னு ஆயிருமா?" என்று சொல்லிவிட்டு, அவர் எப்படி உப்புப் பார்ப்பார் என்று கால் மணி நேரம் சொன்னாள்.

மதுரையில் ஒரு வீட்டில் புருஷன் போனை எடுத்தார். "மிசஸ்னு போட்டுக்கோங்க." பின்னாலிருந்து ஒரு குரல், "டாக்டர்னு சொல்லுங்க. ஆறு வருஷம் படிச்சு வாங்கினது." நர்சிங்கில் பி.எச்டி.யாம். அவர் போனிலேயே மன்னிப்புக் கேட்டார். என்னிடமா அவளிடமா தெரியவில்லை.

12 அக்டோபர், வியாழன்

இருபத்தாறு போன். தொண்டை கட்டிவிட்டது. மாரிச்செல்வி பனங்கற்கண்டும் மிளகும் தட்டிக் கொடுத்தாள்.

16 அக்டோபர், திங்கள்

ஜபல்பூரில் ராணுவ மருத்துவமனையில் இருக்கும் ஹில்டா, "மேஜர். அதுக்கு முன்னயும் பின்னயும் ஒண்ணும் வேண்டாம்" என்றாள். புருஷன் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு பேருக்கும் ஒரே உறையில் அழைப்பு என்றால் மேஜர் முதலில், மிஸ்டர் பின்னால். டைப் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

சென்னையில் சாந்தகுமாரி என்பவள், "எதுவும் போடாம விட முடியாதா?" என்றாள். கோர்ட்டில் போன வருஷம்தான் முடிந்ததாம். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகமாட்டேன் என்கிறது. கடைசியில் ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். எடுத்துக்கொண்டது. "உங்களுக்கு ஒரு புள்ளி வெச்சிருக்கேன்" என்றேன். அவள் சிரித்ததைக் கேட்க நன்றாக இருந்தது.

பிறகுதான் அந்தக் கட்டத்துக்குள்ளேயே எம்-எஸ்-புள்ளி என்று இன்னொன்று இருப்பதைப் பார்த்தேன். அகராதியில் தேடினேன். கல்யாணம் ஆயிற்றா இல்லையா என்று ஊருக்குச் சொல்ல வேண்டாதவளுக்கு அது. ஆண்பிள்ளைக்கு மிஸ்டர் எப்படியோ அப்படி. இனிப் போனில் அதையும் சொல்லிக் கேட்க வேண்டும். மிஸ்ஸுக்கும் மிசஸ்ஸுக்கும் நடுவில், கடைசியில் கொஞ்சம் தேனீ மாதிரி இரைந்து உச்சரிக்க வேண்டுமாம். மாரிச்செல்வியிடம் சொல்லிக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணாத்தான்க்கா கேக்குது" என்றாள்.

19 அக்டோபர், வியாழன்

தாளாளர் ஐயா பட்டியலின் பாதியைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"ஏம்மா எப்சிபா, நம்ம பிள்ளைகள்ல முப்பத்தெட்டு பேரு எம்.எஸ். முடிச்சிருக்காங்களா? இத்தனை பேரு எப்பம் சர்ஜன் ஆனாங்க?"

விளக்கிச் சொன்னேன். ஐயா பொறுமையாகக் கேட்டார். "அப்பம் இதப் போட்டா ஆச்சா ஆகலையான்னு தெரியாது?"

"தெரியாதுங்கய்யா."

"தெரியாததுக்கு எதுக்கும்மா ஒரு பட்டம்?"

ஜாய்ஸ் அப்போது உள்ளே வந்து, தீபாவளி லீவுக்குச் சார் வருகிறாரா என்று கேட்டாள். மாரிச்செல்வி டீ டம்ளரைக் கீழே போட்டு உடைத்தாள். இந்த மாதத்தில் இரண்டாவது டம்ளர்.

25 அக்டோபர், புதன்

புதுக் கட்டடத்தில் ஆண்கள் வார்டுக்குப் பக்கத்தில் பயிற்சி மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் முடிவாகிவிட்டது: மிசஸ் பி. ஞானமுத்து நினைவு மண்டபம். முதல் பேட்ச்சில் தங்கப் பதக்கம் வாங்கியவர். அறுபத்தொன்றில் காலரா வந்தபோது ஆண்கள் வார்டை நாற்பது நாள் வீட்டுக்குப் போகாமல் நடத்தியவர். கல்லில் வெட்ட நவம்பர் பதினைந்துக்குள் விவரம் வேண்டும். "அவங்க பேரு என்ன, எப்பம் காலமானாங்கன்னு பாத்துச் சொல்லும்மா" என்றார் ஐயா.

பேரு என்ன என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. மிசஸ்ஸுக்குப் பின்னால் இருப்பது புருஷன் பெயர். அந்தக் காலத்து வழக்கம் அது. அப்படியானால் பதக்கம் வாங்கினவள் பெயர் எங்கே?

30 அக்டோபர், திங்கள்

பழைய பதிவேடுகள் எல்லாவற்றையும் இறக்கினேன். டூட்டி ரோஸ்டர், கமிட்டி மினிட்ஸ், பரிசுப் பட்டியல். எல்லாவற்றிலும் மிசஸ் பி. ஞானமுத்து. சேர்க்கைப் பதிவேட்டில் அந்த வருஷத்துப் பக்கத்தைக் கரையான் தின்றிருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து என்னைப் பற்றி யாராவது தேடினால் என்ன கிடைக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வேலை நேரத்தில் இப்படி யோசிக்கக் கூடாது.

2 நவம்பர், வியாழன்

புருஷனைப் பிடித்தால் பெண்சாதி கிடைப்பாள் என்று, எங்கள் திருச்சபைத் திருமண்டலத்துப் பதிவுகளில் பி. ஞானமுத்து என்று எத்தனை பேர் இருந்தார்கள் எனத் தேடினேன். மூன்று பேர்தான் கண்ணில் பட்டார்கள். ஒருவர் சபை ஊழியம் பார்த்த உபதேசியார், கல்யாணமே செய்யவில்லை. ஒருவருடைய மனைவி பள்ளிக்கூட டீச்சர். மூன்றாமவர் மகளிடம் போனில் பேசினேன். "எங்கம்மா நர்சா? அம்மாவுக்கு ரத்தத்தப் பாத்தாலே மயக்கம் வந்துரும்" என்றாள்.

4 நவம்பர், சனி

குன்னூரில் இருக்கும் ஒரு முதல் பேட்ச்சுக்காரி கிடைத்தார். "ஞானமுத்தக்காவா? நெட்டையா, நல்லா சிரிப்பா. முதலூர்க்காரி. அவ பேரு என்னமோ பைபிள்ள வாற பேரு, இப்பம் மறந்து போச்சு" என்றார். முதலூருக்கு, மிசஸ் பி. ஞானமுத்து குடும்பத்தார் என்று விலாசம் போட்டுக் கடிதம் எழுதினேன்.

8 நவம்பர், புதன்

பதில் இல்லை. மழை.

11 நவம்பர், சனி

இன்று நேரிலேயே போய்விட்டேன். சாத்தான்குளம் போய் இன்னொரு பஸ் மாறி முதலூரில் இறங்கும்போது பதினொன்றரை. மழை விட்டிருந்தது. தேரி மண் ரத்தச் சிவப்பாக ஊறிக் கிடந்தது. அல்வாக் கடையில், மிசஸ் ஞானமுத்து என்று நர்ஸ் ஒருத்தர் இருந்தாரே, அவர் வீட்டார் யாராவது உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் யோசித்தார்.

"ஞானமுத்துன்னு தெரியலியே. நர்சம்மான்னா நம்ம லோவிசாக்காதான். கோயிலுக்குப் பின்னால, நீலக் கதவு."

நீலக் கதவு திறந்திருந்தது. முன்னறையில் நெட்டையான ஒரு அம்மா தபால்காரர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். தலை முழுக்க வெள்ளை, முதுகு நேர்.

"உக்காருங்க. உங்களுக்கும் பிரஷர் பாக்கணுமா?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தபால்காரர் மறுகையால் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். "நர்சம்மா, இப்படி ஒரு லெட்டர் ரெண்டு நாளா என்கிட்ட கெடக்கு. இந்தப் பேர்ல ஊர்ல யாரும் இல்ல. திருப்பி அனுப்பிரட்டா?"

என் கையெழுத்து. அந்த அம்மா உறையை வாங்கித் தூரப் பிடித்துப் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தபால்காரர் கையில் பட்டை இறுக்கமாகவே இருந்தது. அவர், "நர்சம்மா, கை, கை" என்றார்.

"இந்தம்மாவப் பாத்து நாப்பது வருஷமாச்சு," என்றார் அந்த அம்மா, பட்டையைத் தளர்த்திக்கொண்டே.

"உங்களுக்குத் தெரியுமா? இருக்காங்களா?" என்றேன் நான்.

"இருக்கா. இந்தா உக்காந்திருக்கா."

தபால்காரர் போனபின் எனக்கு எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கு நோட்டுப் புத்தகத்தை எடுக்கவே தோன்றவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

"ஞானமுத்து எங்க அப்பா. பி.ன்னா பாக்கியநாதன், எங்க தாத்தா. என் பேரு லோவிசாள். நீ சொல்லுத இங்கிலீஷ் கணக்குப்படி பாத்தா மிசஸ் பி. ஞானமுத்துங்கது எங்கம்மா. அவ கைநாட்டு. அவளுக்கா தங்கப் பதக்கம் குடுத்திய?"

"அப்பம் உங்களுக்குக் கல்யாணம்?"

"அதச் சொல்லுதேன். அப்பம் ஆம்பிளையாள் வார்டுல கல்யாணமாகாத பிள்ளைகளப் போடக் கூடாதுன்னு கமிட்டி சட்டம். ஆப்பரேசன் கேஸு எல்லாம் அங்கதான். எனக்கோ அங்க போய் வேலை கத்துக்கணும்னு வெறி. அப்பம் பள்ளிய நடத்துன வெள்ளக்காரி பென்னட் மிஸ்ஸியம்மா. தினம் அவ ரூம் வாசல்ல போய் நிப்பேன். ஒரு நாள் அவ ரோஸ்டர எடுத்தா, மிஸ்ங்கத அடிச்சா, மிசஸ்னு எழுதினா. 'லோவிஸ், இன்னைக்கு உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யாருன்னு மட்டும் கேக்காத'ன்னா. அவ கைல அவ அம்மா மோதிரம் ஒண்ணு கெடந்தது, அதக் கழட்டிக் குடுத்தா. வார்டுக்குப் போகும்போது போட்டுக்கிடுவேன். டூட்டி முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருவேன்."

"யாரும் கண்டுபிடிக்கலியா?"

"கமிட்டிக்காரவ வரும்போதெல்லாம், வீட்டுக்காரர் என்ன பண்ணுதார்னு கேப்பாவ. கொழும்புல யாவாரம்பேன். எப்பம் வருவார்ம்பாவ. கிறிஸ்துமஸுக்கு வருவார்ம்பேன். பத்து கிறிஸ்துமஸ் போச்சு. அதுக்குள்ள எனக்கு சாம்பியாவுல வேலை கெடச்சிது. பாஸ்போர்ட் ஆபீஸ்ல திரும்ப மிஸ் ஆயிட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே மழை மறுபடி பிடித்திருந்தது.

மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன். நினைவு மண்டபம் என்றதும் மறுபடி சிரிப்பு. கல்லில் பெயருக்கு முன்னால் என்ன போட வேண்டும் என்று கேட்டேன். நானூறு பேரிடம் கேட்ட கேள்விதான்.

"சிஸ்டர்னு போடு. மிசஸ் மிஸ்ஸியம்மா குடுத்தது. மிஸ் பாஸ்போர்ட்காரன் குடுத்தது. சிஸ்டர்தான் நான் படிச்சு வாங்கினது."

தேங்காய்ப் பால் விட்டுக் கிண்டிய மஸ்கோத் அல்வாவை வாழையிலையில் வைத்துக் கொடுத்தார். தின்றுகொண்டிருக்கும்போது, "உன் பேரச் சொல்லலியே" என்றார்.

"மிசஸ் எப்சிபா செல்வின்."

"வீட்டுக்காரர்?"

"பம்பாயில் இருக்காங்க. கிறிஸ்துமஸை ஒட்டி..."

அவர் என் முகத்தை, நோயாளி முகத்தைப் பார்க்கிற மாதிரி, அவசரமில்லாமல் பார்த்தார்.

"உன் மிசஸ் எந்த வார்டுக்கு பிள்ள?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவர் குடை பிடித்துக்கொண்டு நிறுத்தம்வரை வந்தார். பஸ் வரும்வரை சாம்பியாவில் முதலை பார்த்த கதை சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை.

12 நவம்பர், ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனேன். செல்வினிடமிருந்து கடைசியாகக் கடிதம் வந்தது 1986 மார்ச் நான்காம் தேதி. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

14 நவம்பர், செவ்வாய்

ஐயாவிடம் எல்லாம் சொன்னேன். லோவிசாள் அக்காவைப் பற்றியதை மட்டும். ஐயா, "உயிரோட இருக்கிறவங்களுக்கு நினைவு மண்டபம் கட்டப் பாத்தேனே" என்று தலையில் கை வைத்தார். கல்தச்சருக்கு உடனே போன் போட்டார். அவர் பதினைந்தாம் தேதி வரை காத்திருக்காமல் சுறுசுறுப்பாக ஆரம்பித்துவிட்டாராம். 'மிசஸ் பி. ஞான' வரை வெட்டியாகிவிட்டது.

"கல்லத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வெட்டலாம்யா" என்று அவரே வழி சொன்னார். ஆனால் ஐயா, "கமிட்டில கேக்காம முடியாது" என்றார். குரலில் கொஞ்சம் தயக்கம்.

17 நவம்பர், வெள்ளி

கமிட்டி கூடியது. வழக்கம்போல் நான் கடைசி நாற்காலியில் மினிட்ஸ் எழுத உட்கார்ந்தேன். ஐயா விஷயத்தைச் சொன்னதும், ரிட்டையர்டு தாசில்தார் ஒருவர், பெரிய குரல் அவருக்கு, "கல்யாணம் ஆகாமலே ஆச்சுன்னு பொய் சொல்லி வேலை பாத்திருக்காங்க. அதுக்கு நாம கல்லு வெக்கணுமா? நாளைக்குப் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்போம்?" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். வேறு பெயர் யோசிக்கலாம் என்றார் ஒருவர். ஐயா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு மேல் நடந்தது மினிட்ஸில் இல்லை. மினிட்ஸ் எழுதுகிறவள் பேசிக்கொண்டிருந்தாள்.

எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. "அந்தச் சட்டம் போட்டது இதே கமிட்டிதாங்கய்யா. ஐம்பத்தெட்டாம் வருஷ மினிட்ஸ் இருக்கு, படிக்கட்டுமா?" என்றேன். பதிலுக்குக் காத்திருக்காமல் படித்தேன். பிறகு, "காலரா வார்டுல நூத்துப் பதினாலு பேரு கிடந்திருக்காங்க. அதுல தொண்ணூத்தாறு பேரு பொழச்சு வீட்டுக்குப் போயிருக்காங்க. சட்டப்படி நடந்திருந்தா அவங்க அந்த வார்டுக்குள்ளயே போயிருக்க முடியாது" என்றேன்.

தாசில்தார், "இருந்தாலும் பொய் பொய்தானேம்மா. உங்கள மாதிரிக் குடும்பப் பெண்களுக்கு இது தெரியாதா?" என்றார்.

"என் மேஜைப் பலகையில இருக்கிறதும் அப்படித்தாங்கய்யா. என் வீட்டுக்காரர் போய் இருபது வருஷமாச்சு. வரமாட்டாரு. பம்பாயில வேற குடும்பம் இருக்கு. கேக்கிறவங்களுக்கு ஒரு பதில் வேணும்னு வெச்சிருந்தேன். தனியா இருக்கிற பொம்பளைக்கு வீடு வாடகைக்குக் குடுக்கணும்ல, அதுக்கும்தான்."

உட்கார்ந்து பேனாவை எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெரிய குரல் சின்னதாக வந்தது. "சிஸ்டர்னே போடுங்க. ஆனா பட்டியல்ல அந்த எம்.எஸ். மட்டும் வேண்டாம்யா. எனக்கு முழங்கால் ஆப்பரேசன் இருக்கு. தப்பா யாரயாவது நம்பிப் போயிருவேன்."

ஐயாதான் முதலில் சிரித்தார். தீர்மானம் நிறைவேறியது. எம்.எஸ். பற்றித் தனியாகத் தீர்மானம் எதுவும் இல்லாததால் அதை நான் எடுக்கவில்லை.

20 நவம்பர், திங்கள்

ஆபீஸுக்குள் நுழையவே கூச்சமாக இருந்தது. ஜாய்ஸ் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். பழக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன், தெரியாது என்றாள். விடு என்றேன். மாரிச்செல்வி மட்டும் ஒன்றும் நடக்காதது போல் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"உனக்கு ஒண்ணும் கேக்கணும்னு தோணலியா?" என்றேன்.

"எனக்குத்தான் தெரியுமேக்கா."

"எப்பம் இருந்து?"

"நான் வேலைக்குச் சேந்த வருஷத்துல இருந்து. உங்களுக்கு வாற தபால நான்தான எடுத்துட்டு வாரேன்? பம்பாய்ல இருந்து ஒண்ணும் வராதுல்லா. நீங்களே சொல்லும்போது சொல்லட்டும்னு இருந்தேன்."

ஒன்பது வருஷம். நான் கேட்டேன்: "அப்பம் ஜாய்ஸ் கேக்கும்போதெல்லாம் மோட்டார், டம்ளர்..."

"பத்து டம்ளர் போயிருக்கும்க்கா," என்றாள். "புதுசு வாங்கணும்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிட்டது.

24 நவம்பர், வெள்ளி

பேட்ஜுகள் அடித்து முடிந்தன. எனக்கானதைக் கடைசியில் கையால் எழுதிக்கொண்டேன். எப்சிபா, அலுவலகம். மேஜைப் பலகையை ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன்.

9 டிசம்பர், சனி

இருநூற்று எண்பத்தேழு பேர் வந்தார்கள். காலை ஏழு மணிக்கே வாசலில் ஆட்டோ வரிசை. ஐம்பது வருஷத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விடுதிப் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பேட்ஜில் நான் பார்த்துப் பார்த்துப் போட்டதை யாரும் படிக்கவே இல்லை. 'சுண்டெலி', 'லைட்ஹவுஸ்' என்றெல்லாம் கத்தினார்கள். லைட்ஹவுஸ் என்பது மதுரை டாக்டர். மேஜர் ஹில்டாவின் புருஷன் தன் மிஸ்டர் பேட்ஜை எல்லாரிடமும் காட்டி, "இங்க நாங்க மைனாரிட்டி" என்றார். விருதுநகரம்மா எனக்கென்று கருவாட்டுப் பொடி கொண்டுவந்திருந்தார். சாந்தகுமாரி என்னைத் தேடி வந்து, தன் பேட்ஜில் இருந்த புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். என்னைவிட உயரம். கட்டிப் பிடித்தபோது என் கண்ணாடி வளைந்துவிட்டது.

லோவிசாள் அக்கா வெள்ளைப் புடவையில் வந்தார். திரையைத் தானே விலக்கினார். சிஸ்டர் லோவிசாள் ஞானமுத்து பயிற்சி மண்டபம். நினைவு என்ற சொல் கிடையாது.

"தன் கல்லத் தானே தெறக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?" என்று அக்கா மைக்கில் சொன்னதும் கூட்டம் ஆர்ப்பரித்தது. தாசில்தார் முன்வரிசையில் உட்கார்ந்து உரக்கக் கைதட்டினார்.

கூட்டம் கலைந்தபின் அக்கா கல்லின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பின்பக்கம் 'மிசஸ் பி. ஞான' அப்படியே இருக்கிறது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்.

"பின்னால எங்கம்மாதான் இருக்கா, என்ன?" என்றார். "இருக்கட்டும். அவளும் இந்தச் சுவரத் தாங்கட்டும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவ."

11 டிசம்பர், திங்கள்

ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்டவர்கள் பத்துப் பேர், மணப்பாடு கடலுக்குப் போகலாம் என்று வேன் பிடித்தார்கள். "நீயும் வா" என்றார்கள். நான் நர்ஸ் இல்லையே என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக லீவு எழுதிக் கொடுத்தேன். ஐயா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மாரிச்செல்வியையும் கூட்டிக்கொண்டேன்.

வேன் டிரைவர் டிரிப் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கையில் பை வைத்துக்கொண்டு முன்னால் நின்றது நான்தான்.

"யார் பேர்ல போடட்டும்? சார் பேரச் சொல்லுங்க."

"சார் யாரும் இல்ல. என் பேர்ல போடுங்க. எப்சிபா."

"எப்...?"

"எப்சிபா."

அவர் நாக்கை மடித்துக்கொண்டு எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'எப்ஸிபாய்' என்று எழுதியிருந்தார். திருத்தலாமா என்று ஒரு கணம் கை போயிற்று. உள்ளேயிருந்து மாரிச்செல்வி, "யக்கா, ஜன்னல் சீட்டு போட்டு வெச்சிருக்கேன், சீக்கிரம் வாங்க" என்று கூப்பிட்டாள். அப்படியே விட்டுவிட்டு ஏறிக்கொண்டேன்.

வழியில் முதலூரில் நிறுத்தி லோவிசாள் அக்காவை ஏற்றிக்கொண்டோம். மணப்பாட்டில் அலை பெரிதாக இருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பதின்மூன்று பெண்கள் இறங்கினோம். நான் முழங்கால்வரை போனேன். பிறகு இடுப்புவரை. புடவை இன்னும் கொடியில் காய்கிறது.